கைதட்டும் இடத்தில் இடது கை

என் மகள் பியானோ வகுப்பின் முதல் புத்தகத்தில் ஆறாம் பக்கத்தைத் தாண்டவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். வலது கையால் மட்டும் என்றால் வாசிப்பாள். இடது கையையும் வைக்கச் சொன்னால், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, "எனக்கு வராதுங்க மிஸ்" என்பாள். அவள் கேட்டு நான் சேர்க்கவில்லை, ஆசை என்னுடையது. ஏழு வயதில் 'வராது' என்று சொல்லப் பழக்கிவிட்டேனோ என்ற பயம், ராயபுரத்தில் வகுப்பு முடிந்து அருள்புரம் திரும்பும்வரை ஸ்கூட்டரில் என்னோடு வரும்.

சொல்லித்தருபவள் என்னைவிட இளையவள், நாகர்கோவில் பக்கம். திருமணமாகி எங்கள் பனியன் ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஒரு நாள் என்னைத் தனியே அழைத்தாள்.

"அக்கா, புத்தகத்துல உள்ள பாட்டு ஒண்ணும் பிள்ளை மனசுல இல்ல. மனசுல இருந்தா விரல் தானா தேடும். அவளுக்கு நல்லாத் தெரிஞ்சதா, சின்னதா ஒண்ணு கொண்டு வாங்க. எனக்கு இந்த ஊர்ப் பாட்டு தெரியாது, பாத்துக்கிடுங்க."

சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன். செல்போனில் தேடிக் கிடைத்த மழலைப் பாட்டுகளை, "அது எல்கேஜி பாப்பாக்களுக்கும்மா" என்று மகள் தள்ளிவிட்டாள். அவள் வாய் ஓயாமல் பாடும் சினிமாப் பாட்டுகள் முதல் வரியிலேயே ஐந்து விரலுக்கு எட்டாத உயரத்துக்குத் தாவின. என் கணவர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர்; வெளிநாட்டு பையர்களுக்கு மாதிரித் துணி அனுப்பி ஆர்டர் வாங்கும் வேலை. நான் புலம்பியதைக் கேட்டு, "பையர் சாம்பிளே மூணு தடவ ரிஜெக்ட் ஆகுது. உன்ற பாட்டு ரெண்டு தடவதான ஆயிருக்குது, உடு" என்றார்.

ஞாயிறு மாலைகளில் கோயில் மைதானத்தில், வரிசையாக நின்று பாட்டுக்குக் கைதட்டி ஆடும் வள்ளி கும்மியை நான் பழகுகிறேன். எங்கள் வரிசைக்குப் பின்னால் மகளும் ஆடுவாள். அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதும் அந்தக் கும்மி மெட்டை முனகிக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக் கீபோர்டில் ஒற்றை விரலால் தேடிப் பார்த்தேன். முழு மெட்டும் ஐந்து வெள்ளைக் கட்டைகளுக்குள் அடங்கியது. சரிபார்க்க மறுபடி ஒருமுறை வாசித்தேன். பியானோவில் கும்மியா என்று சிரிப்பார்களோ என்றும் யோசித்தேன்.

மகள் அரை மணி நேரத்தில் வலது கையில் பிடித்துவிட்டாள். ஆனால் தட்டு விழும் இடம் வந்தால் கையைக் கட்டையிலிருந்து எடுத்துக் கைதட்டினாள்.

"கைய எடுக்காத கண்ணு."

"தட்டாம எப்படிம்மா கும்மி வரும்?"

மனசுக்குள் தட்டிக்கொள் என்றேன். அப்படிச் செய்தபோது மெட்டே அறுந்துபோனது. நான் விடவில்லை. மூன்று நாள், தட்டாதே தட்டாதே என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமை கைகள் மறுபடி தொடைக்கு அடியில் போயின. அவளுக்குப் பிடித்திருந்த ஒன்றையும் கெடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை வகுப்பில் ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எங்கெங்க தட்டுவீங்க? ஆடிக் காட்டுங்கக்கா" என்றாள். பெஞ்சில் காத்திருந்த மற்ற அம்மாக்களுக்கு முன்னால், துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு நாலு அடி ஆடினேன். மெட்டைத் தாளில் எழுதி, நான் தட்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் சிறு பெருக்கல் குறி போட்டாள். பிறகு மகளிடம் சொன்னாள்.

"குறி போட்ட இடத்துல எல்லாம் நீ தட்டணும் மக்கா. கைய இல்ல, இந்தக் கட்டைய. இடது கையால."

மகள் என்னைப் பார்த்தாள். தட்டாதே என்று சொன்னவள் நான்தானே. சரி என்று தலையை ஆட்டினேன்.

முதல் தடவை இடது கை பிந்தியது. இரண்டாவது தடவை சரியாக விழுந்தது. மூன்றாவதில் அவள் குறிகளைப் பார்க்கவே இல்லை. உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடியது. உற்சாகத்தில் ஆசிரியையும் கூடவே கைதட்டினாள்.

"மிஸ், நீங்க முந்தித் தட்டறீங்க" என்றாள் மகள். சொல்லும்போதும் வாசிப்பதை நிறுத்தவில்லை. இரண்டு கைகளும் கட்டைகள் மேலேயே இருந்தன.