பூமாலை வீட்டில் இறங்கிய ஆத்தா

பூமாலை தன் வாழ்நாளில் ஒரு தப்பும் செய்தவள் இல்லை. சோறு குழைந்துபோனால் அது ரேஷன் அரிசியின் கோளாறு. கள்ளக்குறிச்சி பஸ்ஸைத் தவறவிட்டால் டிரைவர் அவசரக்காரன். நூறு நாள் வேலையில் அவள் வெட்டின பள்ளம் கோணலாகப் போனால், கயிறு பிடித்தவளுக்குக் கண் பார்வை சரியில்லை. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில், நிமிர்ந்தால் மலைக்கோட்டை தெரிகிற அந்தச் சின்னத் தெருவில் எல்லாரும் இதற்குப் பழகிவிட்டிருந்தார்கள். புருஷன் பாவாடை கல்யாணமான வாரமே பழகிக்கொண்டான். அவள் ஆரம்பித்தால், காதில் சொருகியிருக்கும் பீடியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவான்.

மற்றபடி அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கரும்பு வெட்டில் ஆம்பளைக்கு ஈடாக நிற்பாள். யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முதல் ஆளாக ஓடுவாள். ஒரே மகள் ரம்யாவைக் களமருதூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். சித்திரையில் வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். தலைச்சன் பிள்ளை தன் வீட்டில்தான் கண் விழிக்க வேண்டும் என்று பூமாலை ராப்பகலாக நினைத்துக்கொண்டிருந்தாள். பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கி, தூளிக்கென்று எடுத்து வைத்தாயிற்று. பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிப்போட நாட்டுக்கோழி இரண்டு தனியாக வளர்ந்துகொண்டிருந்தன. அவற்றைக் கோகிலா என்கிற பூனை நெருங்கக்கூடாது என்று கட்டளையும் போட்டாயிற்று.

மாசியில் கல்வராயன் மலைக்கு மரவள்ளி பிடுங்கப் போன இடத்தில்தான் வினை ஆரம்பித்தது. தங்கியிருந்த கொட்டகையில் கறுப்பாக, புசுபுசுவென்று ஒரு நாய்க்குட்டி அவள் காலையே சுற்றியது. ஒயர் கூடையில் போட்டு, மேலே துண்டை மூடி, பஸ்ஸில் இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கரடி என்று பெயரும் வைத்தாள்.

பாவாடை குட்டியைத் தூக்கி வயிற்றுப் பக்கம் முடியை விலக்கிப் பார்த்தான். "ஏமே, இது ஒடம்புல தெள்ளுப்பூச்சி ஓடுது பாரு. வூட்டுக்குள்ள வுடாத."

"ஒன் தலையில இல்லாத பூச்சியா இது தலையில இருக்குது? மலையில பொறந்த குட்டி, சுத்தமா இருக்கும். போய்யா."

பாவாடை பீடியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கரடி பூமாலையின் பாயிலேயே படுத்தது. கோகிலாவும் இரண்டு நாள் முறைத்துவிட்டு அதே பாயில் இடம் பிடித்துக்கொண்டது.

பங்குனி வெயில் ஏறியது. ஒரு நாள் காலையில் பாவாடையின் முழங்காலுக்குக் கீழே சிவப்புச் சிவப்பாக முத்துப் போட்டிருந்தது. சொறிந்து சொறிந்து மாளவில்லை. பூமாலை குனிந்து பார்த்தாள். பார்த்தவுடனேயே முடிவு செய்துவிட்டாள். அவள் எதையும் இரண்டாம் தரம் பார்க்கிற வழக்கம் கிடையாது.

"ஆத்தா வந்திருக்கா."

எதிர்வீட்டுத் தைலம்மாளைக் கூப்பிட்டாள். அந்தத் தெருவில் அம்மை விஷயத்துக்கெல்லாம் அவள்தான் பெரிய கை. வந்ததும் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு வாசலில் வேப்பிலை சொருகினாள். அப்புறம் சட்டங்களை அடுக்கினாள். வீட்டில் துடைப்பம் எடுக்கக்கூடாது. துணி துவைக்கக்கூடாது. பாய் உதறக்கூடாது. குளிக்கக்கூடாது. தாளிக்கக்கூடாது. ஆத்தா தானாக மனம் குளிர்ந்து போகிற வரைக்கும் எல்லாம் அப்படி அப்படியே கிடக்க வேண்டும்.

கிடந்தது. தெள்ளுக்கு இதைவிட ராஜ உபசாரம் யார் செய்வார்கள்? வேப்பிலை பரப்பின பாயில் கரடி குளிர்ச்சியாகப் புரண்டது. கோகிலா காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே இருந்தது. சில நாட்களில் பூமாலைக்கும் முத்துப் போட்டது. கூழ் கொண்டுவந்து கொடுத்த தைலம்மாளுக்கும் கணுக்காலில் போட்டது. அவள் அதைப் பெருமையாகத் தெருவில் நாலு பேருக்குக் காட்டினாள். அது ஏன் ஒருவருக்கும் முழங்காலுக்கு மேலே ஏறவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஆத்தாவை யார் கணக்குக் கேட்பது?

தைலம்மாள் மூலையில் ஒரு தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் அகல் ஏற்றி வைத்திருந்தாள். மறுநாள் காலையில் தண்ணீரில் கடுகு தூவினமாதிரி கறுப்பாக மிதந்தது.

"பாத்தியாடி, கருமுத்து எறக்கி வச்சிருக்கா!" தைலம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. கற்பூரம் எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள்.

பூமாலையும் கை கூப்பித்தான் நின்றாள். அப்போது தாம்பாளத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு முத்து எகிறி அவள் மணிக்கட்டில் குதித்தது. முத்து குதிக்காது. எச்சில் தொட்ட விரலால் அமுக்கிப் பிடித்து, இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினாள். டிக் என்றது. நகத்தில் ரத்தம். தன்னுடையதா, பாவாடையுடையதா, தெரியவில்லை. பாயில் கரடி படுத்தபடியே பின்காலால் விலாவைச் சொறிந்துகொண்டிருந்தது. பாவாடை சொன்னது சரி. இப்படி ஒரு நாள் வரும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பயப்படக்கூடியவளா பூமாலை? யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிடத் திட்டம் போட்டாள். ஆத்தா போய்விட்டாள் என்று சொல்லித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுவிட்டால், அதன் பிறகு பெருக்கலாம், துவைக்கலாம், ஊருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. "அரிப்பு அடங்கிப்போச்சு தைலக்கா, தண்ணி ஊத்திறலாமா?" என்று கேட்டாள்.

தைலம்மாள் புடவையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினாள். "இன்னாடி சொல்ற? இன்னிக்கிதான் எனக்குப் புதுசா போட்டுக்கினு இருக்கா. இப்ப தொடப்பத்தத் தொட்டியோ, ஆத்தா ஜாஸ்தியா கோச்சுக்குவா." சொன்னதோடு நில்லாமல் எதிர்வீட்டு வாசலிலேயே காவலுக்கும் உட்கார்ந்துவிட்டாள்.

ஆக, துடைப்பத்தை எடுத்தால்தான் தெள்ளு போகும். ஆத்தா வரவில்லை என்று ஒத்துக்கொண்டால்தான் துடைப்பத்தை எடுக்கலாம். ஒத்துக்கொள்வது என்கிற வேலைதான் பூமாலைக்குத் தெரியாதே.

மறுநாள் சம்மந்தி ஜெயசுதா போன் செய்தாள். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. தெரு நடுவில் தண்ணி டேங்க் பக்கம் போய் நின்றுதான் பேச வேண்டும். அதுவும் கத்தித்தான் பேச வேண்டும். குடம் வைத்துக்கொண்டு பாதித் தெரு அங்கே நின்றது, தைலம்மாளும் பாவாடையும் உட்பட.

"சம்மந்தி, ஒங்க வூட்ல ஆத்தா எறங்கியிருக்காளாம்ல? தைலம்மா சொன்னாங்க. மாசமா இருக்கிற பொண்ண அங்க எப்பிடி அனுப்புறது? வளகாப்பு முடிஞ்சி இங்கயே இருக்கட்டும். பிரசவமும் இங்கயே பாத்துக்கிறோம். மனசுல வச்சிக்காதீங்க."

ஜெயசுதா குத்திக்காட்டவில்லை, நல்ல மனசோடுதான் சொன்னாள். அதனால்தான் சண்டை போட வழியில்லாமல் போயிற்று. பூமாலைக்குத் தூளிக்கு எடுத்து வைத்த புடவைகள் கண்ணுக்குள் வந்தன. தண்ணி டேங்கைப் பார்த்தாள், குடங்களைப் பார்த்தாள், தைலம்மாளைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

"ஆத்தாவும் இல்ல, ஒன்னும் இல்ல சம்மந்தி! தெள்ளு! நாயித் தெள்ளு! மலையிலிருந்து நாந்தான் எடுத்தாந்தேன். அவரு வேணான்னாரு, நான் கேக்கல. தப்பு எம்மேலதான்!"

குடத்தில் நிரம்பி வழிந்த தண்ணீரை யாரும் கவனிக்கவில்லை. பாவாடை காதிலிருந்து எடுத்த பீடியைப் பற்ற வைக்க மறந்துவிட்டான். தைலம்மாள் தன் கணுக்காலைப் பார்த்தாள், மெதுவாகப் புடவையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

மாமியாரிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்ட ரம்யாவின் குரல் கேட்டது, அழுகையோடு. "அம்மா? இன்னாமா ஆச்சு ஒனக்கு? ஒடம்புக்கு இன்னா? அப்பாகிட்ட குடு."

"ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. நீ போன வை."

அன்று மதியமே துடைப்பம் எடுத்தாள். பாவாடை ஏதோ உதவி செய்கிற நினைப்பில், "கரும்புக் கொல்லைக்கு அடிக்கிற மருந்து கொஞ்சம் வாங்கியாரட்டா?" என்றான்.

"மாசமா இருக்கிற பொண்ணு வர்ற வூட்ல வெஷத்த அடிப்பியா? போய்யா!" என்று விரட்டினாள். ஒரு தப்பை ஒத்துக்கொண்டுவிட்டால் குரல் குறைந்துவிடுமா என்ன?

கரடியைக் கயிற்றிலும் கோகிலாவைக் கூடையிலுமாகத் தியாகதுருகத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா நாய்க்கு ஒரு மருந்தும் பூனைக்கு வேறு மருந்தும் கொடுத்து, இதை அதற்கும் அதை இதற்கும் மாற்றிப் போட்டுவிடக்கூடாது என்று மூன்று தரம் சொல்லி அனுப்பினாள். நாயின்மேல் இருக்கிற தெள்ளு கம்மிதான், முட்டையெல்லாம் பாயிலும் தரை விரிசலிலும் கிடக்கும், ஒருமுறை போனதுபோல இருந்து மறுபடி பொரித்துக்கொண்டு வரும், அசந்துவிடாதே என்றும் சொன்னாள்.

பூமாலை அசரவில்லை. பாய், தலையணை, கந்தல் எல்லாவற்றையும் சித்திரை வெயிலில் வறுத்தாள். துணிகளை அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தாள். விரிசல்களைச் சிமெண்ட் குழைத்துப் பூசினாள். தினமும் பெருக்கின குப்பையைத் தீயில் போட்டாள். சாயங்காலம் அதே தாம்பாளத்தில், மஞ்சளுக்குப் பதில் சோப்புத் தண்ணீர் ஊற்றி விளக்கடியில் வைத்தாள். டாக்டரம்மா சொன்னபடியே நடுவில் ஒருமுறை புதுக் கூட்டம் கிளம்பியது. அதையும் வழித்தெடுத்தாள். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றி, "ஒம்பேர இழுத்துட்டேன், மன்னிச்சிக்க. ஆனா அந்தத் தைலம்மாவும்தான் சேந்து ஆடினா" என்று சொல்லிவிட்டும் வந்தாள்.

வளைகாப்பன்று தாம்பாளத்தில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. களமருதூரில் பந்தலுக்குள் நுழைந்ததும் ஜெயசுதா, "வாங்க சம்மந்தி, மலையிலிருந்து வேற யாரையும் கூட்டியாரலியே?" என்றாள். பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். பூமாலை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிரித்து முடித்த ஜெயசுதா, ரம்யாவை ராகு காலத்துக்கு முன்னாடியே கூட்டிக்கொண்டு கிளம்பும்படி சொன்னாள்.

பூமாலை மகளின் கையைப் பிடித்துக் கண்ணாடி வளையலை ஏற்றினாள். வளையல் விரல் முட்டிக்கருகில் நின்றுவிட்டது. அழுத்தினாள். இரண்டாக உடைந்தது.

"கள்ளக்குறிச்சி வளையல்காரன் அளவ மாத்திக் குடுத்துட்டான்டி. கண்ணு தெரியாதவன்" என்றாள் பூமாலை.

பந்தல் ஓரத்தில் பாவாடை காதிலிருந்து பீடியை எடுத்துக்கொண்டு எழுந்தான். ரம்யா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"இப்பதாம்மா எனக்கு உசுரு வந்துச்சு. அன்னிக்குத் தப்பு எம்மேலன்னு சொன்னியே, ஒனக்கு இன்னாவோ பெரிய சீக்குன்னு நெனச்சேன்."

பூமாலை உடைந்த துண்டுகளைத் தரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒன்ன அனுப்ப மாட்டேன்னாங்கடி" என்றாள். "வேற இன்னா பண்ணுவேன்?"

ரம்யா சிரிப்பதை நிறுத்திவிட்டு மற்றக் கையை அம்மாவிடம் நீட்டினாள்.