யூரியா எட்டாத மூலை

என்னைப் போல ஒரு முட்டாள் உடுமலைப் பக்கம் மல்பெரி வைத்ததில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன் நான். நிறம் அடர்த்தியாக ஏறினால் நல்ல சரக்கு என்பதே அங்கே படித்த வேதம். அந்த வேதத்தோடு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மாமனார் தோட்டத்தில் பட்டுப்புழு வளர்க்க வந்தேன். இலை கருகருவென்று வரவேண்டும் என்று யூரியாவை அள்ளி இறைத்தேன், தண்ணீரையும் திறந்துவிட்டேன். இலைகள் உள்ளங்கை அகலத்துக்குத் தளதளத்தன. புழுக்களோ முதல் இரண்டு முறை வளர்த்தபோதும் பெயருக்குக் கூடு கட்டின. தொட்டால் பஞ்சு போல அமுங்கின. நிறம் போதவில்லை போலும் என்று நான் இன்னும் கொஞ்சம் யூரியா போட்டேன்.

மாமனார் செடிகளுக்கு நடுவே வரிசையாகக் குழி வெட்டினார். "இந்தத் தடவையும் போச்சுதுன்னா, இதையப் புடுங்கிப்போட்டுத் தென்னம்புள்ள வெச்சர்லாமுங்க மாப்பிள்ள. நீங்க சாயத்துக்கே போயிருங்க" என்றார். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

மூன்றாம் முறை. கடைசித் தோலையும் உரித்துவிட்டு அசுரப் பசியில் தின்னவேண்டிய புழுக்கள், இலைமேல் சுருண்டு படுத்துக்கொண்டன. எச்சம் நீராகப் போயிற்று. என் மனைவி ஓர் இலையைக் கசக்கினாள்; கை நனைந்தது. "இது எலைங்களா? வெறுந் தண்ணி. இதையத் தின்னா எனக்கே பேதி புடுங்கும்" என்றாள். சீக்குப் புழுக்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, வேறு இலை இருக்கிறதா என்று கேட்டாள்.

இருந்தது. மேட்டு மூலையில் ஒரு துண்டு. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறச் சோம்பல்பட்டு அங்கே நான் யூரியாவே போடவில்லை. மாமனார் எப்போதோ கொட்டிய எருவோடும் அளவான தண்ணீரோடும் கிடந்த செடிகள். சற்றே வெளுத்த, தடித்த இலைகள். பட்டறையில் அந்த நிறத்தைக் கொண்டுபோனால் முகத்தில் எறிவார்கள். வெட்கப்பட்டுக்கொண்டே வெட்டிவந்து போட்டேன். மறுநாள் காலையில் தட்டுகளில் காம்புதான் மிச்சம்.

அந்த முறை வந்த கூடுகள் கொட்டைப்பாக்குப் போல இறுகியிருந்தன. சந்தையில் வியாபாரி ஒன்றை அழுத்திப் பார்த்தார், காதருகே ஆட்டிப் பார்த்தார், பிறகு "எந்தத் தோட்டமுங்க?" என்று எழுந்து நின்று கேட்டார். மாப்பிள்ளை முறுக்கு எனக்கு உண்மையில் ஏறியது அன்றைக்குத்தான். திரும்பும் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்காக ஒருவருக்கு உடுமலை வரைக்கும் பட்டு வளர்ப்பைப் பற்றிப் பாடம் நடத்தினேன். என் சோம்பலுக்குப் 'புது முறை' என்று பெயரும் வைத்தேன்.

இன்றைக்குத் தோட்டம் முழுக்க மல்பெரிதான். வருகிறவர்களிடம் இலையைக் கசக்கிக் காட்டுவது இப்போது மாமனாரின் வேலை. குழிகளையெல்லாம் எப்போதோ மூடிவிட்டார், ஒன்றைத் தவிர. மழையில் தூர்ந்தால் அதை அவரே மறுபடி தோண்டி வைக்கிறார்.

போன வாரம் கேட்டே விட்டேன். "ஏனுங்க மாமா, அந்தக் குழிய எப்பத்தானுங்க மூடுவீங்க?"

"அடுத்த கூடு வரட்டுமுங்க."