பால் கேனில் வந்த சாளை

எனக்கு மீன் பார்த்து வாங்கத் தெரியும் என்று ஒன்பது வயதில் ஒரு பொய் சொன்னேன். சொன்ன இடம் மத்திகிரி. அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க ஒரு நாள் ஆகும். அதனால் அந்தப் பொய் என் ஆயுசுக்கும் மாட்டிக்கொள்ளாது என்ற தைரியம் எனக்கு இருந்தது.

அப்பா மத்திகிரி கால்நடைப் பண்ணையில் வேலை பார்த்தார். கெலமங்கலம் பக்கத்து விவசாயக் குடும்பம். மாட்டின் பல்லைப் பார்த்து வயதையும், நடையைப் பார்த்து குணத்தையும் சொல்லிவிடுவார். அம்மாவின் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை. வீட்டு வாசலில் நின்றால் அலை தெரியும். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக இருந்தது மாதா கோயில் ஒன்றுதான். மாற்றலாகி வந்த சாமியார் ஒருவர் பேசி முடித்த சம்பந்தம். கல்யாணமாகி ஓசூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், கடற்கரை எந்தப் பக்கம் என்று அம்மா கேட்டாளாம். அப்பா இதை யார் வீட்டுக்கு வந்தாலும் சொல்லிச் சிரிப்பார். அம்மா எழுந்து காபி போடப் போய்விடுவாள்.

அப்பாவுக்கு மீன் வாடையே ஆகாது. ஆட்டுக்கறியோடு அவர் உலகம் முடிந்துவிட்டது. அம்மா ஒருமுறை ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டைச் சுட்டபோது, அவர் பண்ணையில் சாணிக் குழிப் பக்கமாகப் போய் உட்கார்ந்து நல்ல காற்று வாங்கிவிட்டு வந்தவர். அதன் பிறகு அம்மா கருவாடும் கொண்டுவருவதில்லை.

நான் பொய் சொன்னது, பரீட்சை லீவுக்கு அம்மாவோடு அவள் ஊருக்குப் போய் வந்த பிறகு. அங்கே மாமா என்னைத் தினமும் கரைக்குக் கூட்டிப்போனார். வள்ளங்கள் வந்ததும் மீனைக் கூறு போடுவார்கள். எது ருசி, எது முள், எது குழம்புக்கு, எது பொரிக்க என்று மாமா சொல்லிக்கொண்டே போவார். நான் தலையை ஆட்டிக்கொண்டே சிப்பி பொறுக்கினேன். மத்திகிரிக்குத் திரும்பியதும், எல்லா மீனும் எனக்குத் தெரியும், கண்ணைக் கட்டிவிட்டாலும் நல்ல மீனாக எடுப்பேன் என்று அளந்துவிட்டேன். அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் அம்மாவுக்கு மசக்கை. தம்பி வயிற்றில் இருந்தான். பெரியவர்கள் அதை என்னிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு வயிறு சரியில்லை என்றார்கள். நானும் நம்பினேன். கஞ்சி குடித்தால் வாந்தி, காபி குடித்தால் வாந்தி, சும்மா இருந்தாலும் வாந்தி. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. ஓசூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அப்பா அன்றைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். பின்னால் உட்கார்ந்தால் குலுக்கலில் அம்மாவுக்கு வாந்தி வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

என்னதான் வேண்டும் என்று அப்பா கேட்டார். அம்மா சுவரைப் பார்த்தபடி, சாளை மீன் குழம்பு என்றாள். பல ஊரில் மத்தி என்பார்கள். கைப்பிடி நீளத்தில் வெள்ளிபோல மின்னும் சின்ன மீன். அப்பா பண்ணையில் சொல்லி வைத்தார். பாரூர்க்காரர் ஒருவர், அவர் ஊர் ஏரியில் பிடித்த பெரிய கெண்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதைக் கழுவும்போதே சேற்று வாடை அடிக்கிறதென்று கிணற்றடிக்கு ஓடினாள். மீனில் ஏரி என்றும் கடல் என்றும் சாதி இருக்கிறதென்று அப்பாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெங்களூர் மார்க்கெட்டுக்கு மங்களூர்ப் பக்கத்திலிருந்து ஐஸில் போட்ட கடல் மீன் வருகிறதென்று யாரோ சொன்னார்கள். சனிக்கிழமை போய் வாங்கி வருவதாக அப்பா கிளம்பினார். அம்மா பாயில் படுத்தபடியே என்னைக் கை காட்டினாள்.

"இவளையும் கூட்டிட்டுப் போங்க. இவதான் மீனு பாத்து எடுப்பாளே."

அந்த நேரத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை. அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தெரிந்தவளுக்கு ஞாபகப்படுத்துவது போலச் சொன்னாள். கண் கண்ணாடிபோல இருக்க வேண்டும், குழி விழுந்திருக்கக் கூடாது. செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். ஐப்பசிச் சாளைக்கு வயிற்றில் நெய் கட்டியிருக்கும், அதுதான் ருசி. கடைசியாக என் கன்னத்தை விரலால் ஓர் அமுக்கு அமுக்கி எடுத்தாள்.

"அமுக்குனா இந்தா, இப்படித் திரும்பி வரணும். குழி விழுந்து நின்னுச்சுன்னா எடுக்காதளா." அவள் ஊரில் 'அடி'க்குப் பதில் 'ளா' என்பார்கள்.

மீன் போட்டு வர அப்பா எடுத்துக்கொண்டது மூடி போட்ட பால் கேன். அவர் வீட்டில் வேறென்ன இருக்கும்? சைக்கிளில் நான் முன்னால், கேன் பின்னால். ஓசூரில் சைக்கிளை நிறுத்திவிட்டு விடியும்போது பஸ் ஏறினோம்.

மார்க்கெட்டில் மீன் பக்கம் நுழைந்ததுமே அப்பா துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார். ஆனாலும் தொழில் புத்தி போகவில்லை. சாளையை விட்டுவிட்டு, அங்கே கிடந்ததிலேயே பெரிய மீனின் முன்னால் போய் நின்றார். உடம்பைத் தட்டிப் பார்த்தார். முதுகை நீவினார். பிறகு வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். கடைக்கார அம்மாள் அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சாமி, ஏர்ல பூட்டப் போறியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் அப்பா துண்டை இன்னும் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் சாளைக் குவியலின் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு மீனை அமுக்குவேன், என் கன்னத்தை அமுக்குவேன். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் தனியே வைப்பேன். பத்து மீன் ஆவதற்குள் என் கன்னமெல்லாம் செதில். கடைக்கார அம்மாளுக்கு என்மேல் கோபம் வரவில்லை, அதுவே பெரிய விஷயம். இருபது வரைக்கும் நாணயமாகத்தான் எடுத்தேன். அப்புறம் பார்த்தால் அப்பா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், முகம் வெளுத்துவிட்டது. கீழே விழுந்துவிடுவாரோ என்று பயந்து, மிச்சம் நாலைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டுவிட்டேன். ஐஸும் வாங்கிக் கேனை மூடினோம்.

திரும்பி வரும் பஸ்ஸில் கொஞ்ச தூரத்திலேயே வாடை கிளம்பிவிட்டது. முன் சீட்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். ஓர் அம்மாள் பிள்ளையின் சட்டையைத் தூக்கி மோந்து பார்த்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பால் கேனை யார் சந்தேகப்படுவார்கள்? நானும் எங்களுக்கு முன்னால் இருந்தவரைச் சந்தேகமாகப் பார்த்துவைத்தேன்.

மாநில எல்லையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. மூட்டையைக் குத்திப் பார்க்கக் கம்பியோடு ஏறுவார்கள். காக்கி உடுப்பில் ஒல்லியாக ஒருவர் ஏறினார். நேரே எங்கள் கேனிடம் வந்து, பாலா என்று கன்னடத்தில் கேட்டார். அப்பாவுக்கு வாயில் பொய் வராது. மீன் என்றார். அரிசி கடத்துகிறவர்கள் எத்தனையோ சொல்லிக் கேட்டிருப்பார், மீன் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். திற என்றார்.

திறந்ததும் பஸ் முழுக்க ஒரே கூச்சல். கேன் இருக்கிற வரை வண்டியை எடுக்க விடமாட்டேன் என்று கண்டக்டர் இறங்கி நின்றுகொண்டார். மத்திகிரி அங்கிருந்து எத்தனை மைல் என்று எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் மீன் தாங்காது என்று மட்டும் தெரிந்தது. அம்மா பாயில் படுத்துக்கொண்டு வாசலையே பார்த்திருப்பாள் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

காக்கி உடுப்புக்காரர் இதில் எதையும் கவனிக்கவில்லை. முழங்கை வரைக்கும் கையைக் கேனுக்குள் விட்டு ஒரு சாளையை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தான் கடற்கரைக்காரர், மங்களூருக்கு வடக்கே ஊர், இங்கே மாற்றலாகி வந்து மூன்று வருஷமாகிறது என்று அப்பாவிடம் கன்னடத்தில் சொன்னார். யாருக்கு மீன் என்று விசாரித்தார். அப்பா தணிந்த குரலில் அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னார். யார் பொறுக்கியது என்று அவர் கேட்டதும் அப்பா என்னைக் காட்டினார். அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"பாப்பா, ஐஸ் கரைஞ்ச தண்ணியில மீன் நிக்கக்கூடாது. மெத்துன்னு ஆயிடும்."

கேனை இறக்கித் தண்ணீரை வடித்தார். மீனை ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கி, நாலை மட்டும் வேலிப் பக்கம் எறிந்தார். நான் கைக்கு வந்தபடி அள்ளிய நாலும் அவைதான் என்று எனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரிந்ததென்று தெரியவில்லை. அம்மா வயிற்றுக்குள் போயிருக்க வேண்டியது, காக்கை தூக்கிக்கொண்டு போயிற்று. சோடாக் கடையில் உமிக்குள் புதைத்து வைத்திருந்த ஐஸையும் ஒரு கை உப்பையும் வாங்கிவந்து, மீனும் ஐஸுமாக அடுக்கி, ஈரச் சாக்கைச் சுற்றி, கேனை பஸ் கூரைமேல் ஏற்றிக் கட்டச் சொன்னார். காக்கி உடுப்பு சொல்லும்போது கண்டக்டர் என்ன பேச முடியும்?

கேனை ஏற்றுவதற்கு முன் அப்பா நாலு நல்ல மீனை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. சாப்பிடுவது மெஸ்ஸில், சமைக்க ஆளில்லை, மனைவி பிள்ளைகள் ஊரில் என்றார். பஸ் கிளம்பும்போது நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பக்கத்திலேயே தண்ணீர்ப் பானை இருந்தது. அவர் கை கழுவவில்லை. விரல்களை மூக்கில் வைத்து மோந்துகொண்டு நின்றார். இத்தனை பெரிய ஆபீசருக்குச் சுத்தம் தெரியவில்லையே என்று எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வரும்போது மதியம் தாண்டிவிட்டது. வாசலில் கேனைத் திறந்ததும் அம்மா எழுந்து வந்தாள். யாரும் கையைப் பிடிக்கவில்லை, தானாக வந்தாள். அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்து சாளையைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள். அப்பா மூக்கில் துண்டோடு தேங்காய் துருவினார். அம்மா சொல்லச் சொல்ல நான் புளி கரைத்தேன். மிளகாயும் மல்லியும் அரைத்து, தேங்காய் கூட்டி, மண்சட்டியில் குழம்பு கொதித்தபோது பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்பட்ட சத்தம் கேட்டது. அம்மா சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்தாள். நானும் அப்பாவும் எதிரே உட்கார்ந்து அவள் தொண்டையையே பார்த்தோம். முதல் உருண்டை இறங்கியது. கிணற்றடிக்கு ஓடுவாள் என்று நான் எழுந்து வழிவிட்டு நின்றேன். அவள் ஓடவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள்.

அப்பா எழுந்து புழக்கடைப் பக்கம் போனார். வாந்தி எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிளகாய் அரைத்த காரம் என்றார். அரைத்தது அவர் இல்லை.

சாப்பிட்டதும் அம்மா பாயில் சாய்ந்தாள். அவள் முகம் அத்தனை தெளிவாக இருந்ததைப் பார்த்து எனக்கு மனசு பொறுக்கவில்லை. எனக்கு மீனே தெரியாது, மாமா சொன்னபோது நான் கேட்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்ளா. நீ சிப்பிதான பொறுக்கிட்டு நின்ன. உங்கப்பாவத் தனியா விட்டா மலை மாதிரி ஒண்ணத் தூக்கிட்டு வருவாருன்னுதான் உன்ன அனுப்புனேன்."

சொல்லிவிட்டு உள்ளங்கையை முகத்தோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். அவள் கையை ஒப்புக்கு நனைத்திருந்தாளே தவிரக் கழுவவில்லை. எல்லைக்காரரும் இவளும் சேர்ந்து என்ன அசிங்கம் இது என்று எனக்குக் கோபம் வந்தது. செம்பில் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து, கையைக் கழுவும்மா, நாறுகிறது என்று நீட்டினேன். அம்மா கண்ணைத் திறக்காமலே, இருக்கட்டும் என்றாள். நான் விடவில்லை. அப்பா என் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டார். மீன் வாடை ஆகாத அந்த மனிதர், மூக்கிலிருந்த துண்டை அவிழ்த்து, அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அதாலேயே விசிறிவிட்டார்.

எனக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமா ஊரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு நல்ல மீன் எடுப்பேன், அது பொய் இல்லை. சென்ற மாதம் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ஒரு மாட்டு லாரி பழுதாகி நின்றது. எங்கள் மத்திகிரிப் பக்கத்து வெள்ளை மாடுகள். ஒரு பசு கம்பி வழியாக மூக்கை நீட்டியது. கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பேத்தி சோப்பு எடுத்துக்கொண்டு வந்து, கையெல்லாம் மாட்டு நாற்றம் என்று நின்றாள். இருக்கட்டும்ளா என்றேன்.