எறிகாரன் செபமாலைமுத்து

செபமாலைமுத்துவுக்கு மூக்கு நுனியில் கோபம். காரணம் இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கிரிக்கெட் விளையாடிய காலத்தில் அவன் பந்தை அடிக்க முடியாதவர்கள் எல்லாரும் ஒரே பல்லவியைப் பாடினார்கள். அவன் பந்து போடவில்லையாம், முழங்கையை மடக்கி எறிகிறானாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனாலும் அவன் எறிந்தது உண்மைதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எண்பத்து நான்கில் லண்டனுக்கு வந்து, அப்டன் பார்க்கில் ஒரு கடைக்கு மேலே மனைவி மரியநாயகியோடு குடியிருந்தான். நகரின் மறுகோடியில், ஹரோவில், தமிழர்களின் கிரிக்கெட் குழு ஒன்று இருந்தது. அதன் தலைவர் பத்மநாதன், சொந்த வீடும் கோட்டும் சூட்டுமாக இருந்த கணக்காளர். முத்துவின் இரண்டாவது ஆட்டத்திலேயே, எல்லார் பார்க்கவும் அவன் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டார்.

“உது எறி, தம்பி. வெள்ளைக்காரருக்கு முன்னாலை எங்களை வெக்கப்படுத்தாதையும்.”

அன்றைக்கு முத்து ரயிலில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு ஹரோப் பக்கம் அவன் தலைவைத்தும் படுக்கவில்லை.

எண்பத்தேழு வசந்தத்தில், அவன் வேலை செய்த பெட்ரோல் நிலையத்தில் ஒருவன் காசு கொடுக்காமல் காரைக் கிளப்பினான். முத்து கையில் அகப்பட்ட பீன்ஸ் டின்னை எறிந்தான். அது வீதியைத் தாண்டிப் போய்க் காரின் பின்கண்ணாடியைப் பொடியாக்கியது. முதலாளி திட்டித் தீர்த்தார். பெட்ரோல் அடித்துக்கொண்டு நின்ற எட்வேட் என்ற வெள்ளைக்காரன் மட்டும் வாயைப் பிளந்தான். அவன் ஒரு பேஸ்போல் குழுவை நடத்துகிறவன். அந்த விளையாட்டில் எறிவதுதான் பந்து போடுகிறவனின் தொழில். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, முத்துவைக் கையோடு கூட்டிப்போனான்.

“எறியிறதுக்குச் சம்பளமோ? ஆருக்குக் காது குத்துறியள்?” என்றாள் மரியநாயகி. முதல் கூலி வந்த பிறகும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை.

குழுவில் கூலி வாங்கியவன் அவன் ஒருவன்தான். மற்ற எட்டுப் பேரும் சும்மா விளையாடினார்கள். அது போதாதா? உடை மாற்றும் அறையில் ஒருவரும் அவனோடு பேசுவதில்லை. அவன் காலுக்குப் போடும் சப்பாத்துக்குள் சேற்றை அள்ளி வைத்தார்கள். அவனும் சும்மா இருக்கவில்லை. ஒருவனைச் சுவரோடு சாய்த்துப் பிடித்ததற்கு ஓர் ஆட்டம் தடை வாங்கினான். ஆனால் அவன் எறிந்தால் எதிராளி தடியை வீசிவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். தோல்வியே இல்லாமல் இறுதி ஆட்டம் வரை வந்தார்கள்.

“இதை வென்றால், வருகிற கோடை முழுவதும் உனக்குச் சம்பளம். பெட்ரோல் வேலையை விட்டுவிடலாம்,” என்றான் எட்வேட். முத்துவுக்கு வேறென்ன வேண்டும்? எறிகாரன் என்று துரத்தப்பட்டவன், எறிந்தே சோறு தின்னலாம்.

தமிழன் ஒருவன் கூலிக்கு விளையாடுகிறான் என்ற செய்தி ஹரோவரை போயிருந்தது. இறுதி ஆட்டத்தன்று பத்மநாதன் மடக்குக் கதிரையோடு வந்து எல்லைக்கோட்டோரமாக உட்கார்ந்தார். வாழ்த்தவா வந்தார்? இவன் விழுவதைப் பார்க்க வந்தார்.

கடைசிக் கட்டம். ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தார்கள். இன்னும் ஒருவன் ஆட்டமிழந்தால் எல்லாம் முடிந்தது. ஓர் ஓட்டம் எடுக்க நான்கு பேஸ்களைச் சுற்றி வரவேண்டும்; மூன்றாவது பேஸில் ஒருவன் ஓடத் தயாராக நின்றான். தடியோடு வந்தவன் முத்து. எறிகிறவனும் தன் முறைக்கு அடிக்கத்தான் வேண்டும். அதுவரை ஒரு பந்தைக்கூட அவன் தடி தொட்டதில்லை. அன்றைக்குப் பார்த்துத் தொட்டது.

பந்து நிலத்தோடு உருண்டு, எறிந்தவனின் காலடிக்கே போனது. அடித்த பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தால் முதல் பேஸுக்கு ஓடியே ஆகவேண்டும் என்பது பேஸ்போல் சட்டம். எட்வேட் நூறு தடவை சொல்லியிருந்தான். ஆனால் முத்துவின் உடம்பு கிரிக்கெட்டில் வளர்ந்த உடம்பு. பந்து அவ்வளவு கிட்டப் போனால் ஓட்டம் இல்லை. இடது கையை உயர்த்தி, “நோ” என்று கத்திவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான்.

எதிராளி பதற்றத்தில் பந்தை இரண்டு முறை நழுவவிட்டான். ஒரு நொண்டிகூட முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்திருப்பான். முத்து நின்றான். மூன்றாவது முறை பந்தைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்தார்கள். முத்து ஆட்டமிழந்தான். ஆட்டம் முடிந்தது.

சொந்தக் குழுக்காரன் ஒருவன் அவன் காலடியில் துப்பினான். எட்வேட், “சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ. இனி வராதே,” என்றான். முத்து சட்டையைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு, உள்பனியனோடு எல்லைக்கோட்டைத் தாண்டி வந்தான். பத்மநாதன் சிரிக்கட்டும், அந்தப் பல்லைத் தட்டிவிடலாம் என்றுதான் நேரே அவரிடம் போனான்.

அவர் சிரிக்கவில்லை. கதிரையை மடக்கிக்கொண்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

“அதிலை ரன் இல்லைத்தான், முத்து. நானெண்டாலும் நிண்டிருப்பன்.”

இத்தனை வருஷத்தில் பத்மநாதன் அவன் பக்கம் நின்று சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அதற்காக முத்து அவரைச் சாகும்வரை மன்னிக்கவில்லை.