கரண்ட் இல்லாமல் வந்த ஆல்கஹால்

2011-இல் நான் அண்ணாமலை நகரில் ஆராய்ச்சி மாணவி. சோடா பாட்டிலைத் திறந்தால் பொங்கி வருகிறதே, அந்தக் கரியமில வாயுவை உப்புக் கரைசலில் விட்டு, கரண்ட் பாய்ச்சி, எரிபொருளாக மாற்றுவது என் வேலை. சும்மா கரண்ட் விட்டால் அந்த வாயு அசைந்துகொடுக்காது. ஒரு வினையூக்கி வேண்டும். என்னுடையது, நடுவில் ஒரே ஒரு செம்பு அணு உட்கார்ந்திருக்கும் மூலக்கூறு. அடர்நீலப் பொடி. கை, துப்பட்டா, மூக்கு நுனி எல்லாம் நீலமாகத் திரிவேன். "மயில் வருது பாரு" என்பார்கள் ஹாஸ்டலில். எனக்கு அதில் பெருமைதான்.

ஒன்றரை வருடம் ஒரு மண்ணும் வரவில்லை. என் நெறியாளர் அதிர்ந்து பேசாதவர். ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்: "அடுத்த மாசம் ரிவ்யூ. ஏதாச்சும் ஒரு பொருள் வந்துச்சுன்னு காட்டும்மா. இல்லன்னா தலைப்ப மாத்திக்கலாம்."

மாற்றினால் எங்கே போய் விழுவேன் என்று தெரியும். எங்கள் ஆய்வகத்தில் மற்ற எல்லோரும் இலைச்சாற்றை வைத்து இரும்பு துருப்பிடிக்காமல் தடுப்பவர்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் என் தோழிக்குக் கீழாநெல்லி. அப்பாவின் படகில் ஆணி துருப்பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள், ஆசையாகச் செய்தாள். "வந்துடுடி, உனக்குன்னு ஆடாதொடைய விட்டு வெச்சிருக்கேன்" என்று சீண்டுவாள். நான் சிரித்துவிட்டு என் பொடியிடமே திரும்பிவிடுவேன். அந்த நீலத்தின் மேல் எனக்கு அப்படியொரு பைத்தியம்.

ரிவ்யூவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்தது. கரைசலில் ஒரு துளியை ஊசியில் எடுத்து ஜி.சி. என்ற கருவியில் செலுத்துவோம். துளியில் என்னென்ன இருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு மேடு வரையும். எத்தனால் வர வேண்டிய இடத்தில், ஆமாம், ஆல்கஹால் வர வேண்டிய அதே இடத்தில், கோபுரம் மாதிரி ஒரு மேடு. மறுநாளும் வந்தது. மூன்றாம் நாளும்.

அதற்குப் பிறகு நான் தரையில் நடக்கவில்லை. தோழியைத் தூக்கிச் சுற்றினேன், அவள் என்னைவிடக் கனம். சிதம்பரம் கீழவீதிக்கு ஓடி இரண்டு கிலோ பால்கோவா வாங்கிவந்து, துறைத்தலைவர் முதல் வாட்ச்மேன் வரை கொடுத்தேன். அம்மாவுக்குப் போன் போட்டு, காற்றிலிருந்து ஆல்கஹால் எடுத்துவிட்டேன் என்றேன். "படிக்க அனுப்புனா அங்க சாராயமா காய்ச்சுற?" என்றாள். அதற்கும் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த வருடம் மதியமானால் கரண்ட் போய்விடும். ஒருநாள் கரைசலை ஊற்றி, ஒயர் மாட்டி, சுவிட்சில் கை வைக்கப் போனேன், போயேவிட்டது. அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். கரண்ட் வந்ததும், தோழி எனக்கு உதவுவதாக நினைத்து, வேலை முடிந்த கரைசல் என்று அதில் ஒரு துளி எடுத்துச் செலுத்தியிருக்கிறாள்.

"இன்னிக்கு ஜாஸ்தியாவே வந்திருக்குடி" என்று தாளை நீட்டினாள்.

ஒரு பொட்டு கரண்ட்கூடப் பாயாத கரைசல். மேடு நின்றது, முந்தையதைவிட உயரமாக.

எங்கிருந்து வந்தது என்று பிடிபட அரை நிமிடம்கூட ஆகவில்லை. கரண்ட் போவதற்குள் வேலையை முடிக்க வேண்டும், கழுவிய கண்ணாடிக் கலத்தை உலர்த்த நேரமிருக்காது. அதனால் கடைசியாகக் கொஞ்சம் ஆல்கஹால் ஊற்றி, ஒரு குலுக்குக் குலுக்கிக் கவிழ்ப்பேன், சீக்கிரம் காயும் என்று. ஆய்வகத்தில் எல்லோரும் செய்வதுதான். துரு ஆராய்ச்சிக்கு அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. நானோ என் கையால் ஊற்றியதை நானே கண்டுபிடித்து, ஊருக்கெல்லாம் பால்கோவா கொடுத்திருக்கிறேன்.

"நம்ம ரெண்டு பேருக்குத்தான தெரியும், கிழிச்சிப் போட்டுடட்டுமா?" என்றாள் தோழி. பொய் சொல்லமாட்டேன், ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தேன். பிறகு தாளை எடுத்துக்கொண்டு போய், "சார், ஸ்வீட்ட தப்பா குடுத்துட்டேன்" என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஆனால் ரிவ்யூ தேதியை அவர் மாற்றவில்லை. ஒன்பது நாள்தான் இருந்தது.

ஆல்கஹாலைத் தொடாமல், தண்ணீரில் மட்டும் கழுவி, முந்தின நாளே காயவைத்த கலத்தில் திரும்பச் செய்தேன். கரைசலில் ஒன்றுமில்லை, துடைத்துவிட்ட மாதிரி. பக்கத்தில் நின்ற தோழி கேட்டாள்: "மேல முட்ட முட்டயா வருதே, அத என்னிக்காச்சும் பாத்தியா?"

பார்த்ததில்லை. வெறும் ஹைட்ரஜன் குமிழிதானே என்று தினமும் சன்னல் வழியாக விட்டுக்கொண்டிருந்தேன். அன்று ஊசியில் அந்த வாயுவை இழுத்துச் செலுத்தினேன். மீத்தேன், சாண எரிவாயுவில் எரியுமே அதே எரிபொருள், வர வேண்டிய இடத்தில் ஒரு சின்ன மேடு, எறும்பு ஏறி இறங்கலாம். குதிக்கவில்லை நான். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். சுவிட்சை அணைத்துச் செய்தேன், மேடு இல்லை. கரியமில வாயுவுக்குப் பதில் நைட்ரஜனை விட்டேன், இல்லை. நீலப் பொடி இல்லாமல், இல்லை. எல்லாம் சேர்ந்தால் மட்டும் வந்தது.

ரிவ்யூவுக்கு வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார், பார்வையிலேயே ஆளை உரிக்கும் அம்மையார். "ஆல்கஹால் வந்துச்சுன்னு ஸ்வீட் குடுத்தீங்களாமே?"

"அது தப்பு மேடம். ஆல்கஹால் நான் ஊத்துனது." அறையே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மீத்தேன் தாளை வைத்தேன்.

உற்றுப் பார்த்தார். "ரொம்பக் கொஞ்சமா இருக்கே."

"ஆமா மேடம்."

"இதையும் நீங்களே ஊத்தலன்னு எப்படிச் சொல்றீங்க?"

அணைத்தது, நைட்ரஜன், பொடி இல்லாதது என்று ஒவ்வொரு தாளாக வைத்தேன். எல்லாவற்றிலும் தட்டையான கோடு. அவர் கடைசித் தாளை மேசையில் வைத்துவிட்டு நெறியாளரிடம் திரும்பி, "தலைப்பு இவுங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

நன்றி சொன்னேனா, நினைவில்லை. நேராகப் பெண்கள் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு, கட்டியிருந்த புடவையோடு குதித்தேன். குதித்துக்கொண்டே இருந்தேன்.

வெளியே தோழி கதவைத் தட்டினாள். "என்னாடி ஆச்சி, அழுவுறியா?"

பதில் சொல்ல எனக்கு மூச்சு மிச்சமில்லை.