இரும்புத் தாடை கடித்த மிட்டாய்

என் அத்தானுக்குத் தொழில் பல்செட் கட்டுவது. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து டப்பாவில் போட்டு அனுப்புவார்கள். இவர் அதில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி, ஈறு மாதிரி ஒரு கட்டி செய்து, அதன்மேல் மெழுகு வைத்துப் பல் அடுக்கி, ரோஸ் நிறத்தில் செட் செய்து திருப்பி அனுப்புவார். முப்பது வருஷத் தொழில். ஆயிரம் வாய்க்குப் பல் கட்டியவர் என்று என் அக்கா பெருமையாகச் சொல்வாள். அந்த ஆயிரத்தில் ஒரு வாயைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். வேலை மருந்துக்கடையில். கை கழுவாமல் ஒரு மாத்திரை அட்டையைக்கூடத் தொடமாட்டேன். அதனால் அத்தான் எனக்கு வைத்த பெயர் சுத்தக்காரி. அவருக்கு நான் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

வீட்டு முன்னறைதான் அவர் பட்டறை. காலை உள்ளே வைத்தால் செருப்பில் மாவு ஒட்டும். ஜன்னல் கட்டையில் வரிசையாகத் தண்ணீர் டம்ளர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு செட் சிரித்துக்கொண்டு கிடக்கும். ஒருமுறை வெயிலில் வந்த வேகத்தில் அதில் ஒன்றை எடுத்து உதடு வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அந்த நினைப்பு வந்தால் இன்றைக்கும் எனக்கு எச்சில் முழுங்க முடியாது. மேஜை நடுவில் கீல் வைத்த இரும்புச் சட்டம் ஒன்று நிற்கும். மேலே ஒரு தாடை, கீழே ஒரு தாடை போலத் திறந்து மூடும். செட்டை அதில் மாட்டித்தான் பல்லோடு பல் பொருந்துகிறதா என்று பார்ப்பார். அதற்கு அவர் வைத்த பெயர் இரும்புத் தாடை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அறையிலிருந்து சர்க்கரை கருகும் வாசனை மாடிக்கு ஏறிவரும். அத்தான் தேன்கூட்டு மிட்டாய் செய்கிறார் என்று அர்த்தம். சர்க்கரையும் இரண்டு கரண்டி தேனும் காய்ந்து பழுப்பேறும் நேரம் பார்த்துச் சமையல் சோடாவைப் போட்டால் பாகு குபுகுபுவென்று பொங்கும். ஆறியபின் உடைத்தால் உள்ளே தேனடை மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கும். வாயில் போட்டால் முதலில் மொறுக்கென்று உடையும், பிறகு பல்லில் அப்பிக்கொள்ளும். மதியம் ஒரு டப்பா எனக்கு வந்துவிடும். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருக்கும். ஒரு வருஷம் தின்றேன். கடையில் கூட வேலை செய்கிறவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு துண்டும் ஏன் பாதிப் பாதியாக இருக்கிறது என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிறு காலி டப்பாவைக் கொடுக்க நானே கீழே இறங்கிப் போனேன். அத்தான் இரும்புத் தாடையில் ஒரு செட்டை மாட்டி, நடுவில் மிட்டாயை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். டக். பாதி தட்டில் விழுந்தது. மீதி பல்லில் ஒட்டிக்கொண்டது. அதை நகத்தால் சுரண்டி எடுத்துப் பக்கத்தில் இருந்த டப்பாவில் போட்டார். மதியம் எனக்கு வர வேண்டிய டப்பா அது.

"என்ன அத்தான் பண்றீங்க?"

"சோதனை. கேரட்டு ஒண்ணு முத்தலா இருக்கு, ஒண்ணு பிஞ்சா இருக்கு. பிஸ்கட்டு பொடிஞ்சு போயிடுது. இதுன்னா முதல்ல உடையணும், அப்புறம் ஒட்டி இழுக்கும். இழுத்தும் செட்டு அசையலைன்னா டாக்டருக்கு அனுப்பலாம்."

"செட்டு கடிச்ச மிச்சத்தையா ஒரு வருஷமா எனக்குக் குடுத்தீங்க?"

"இரும்புதானே கடிச்சுது? அது புதுப் பல்லு. எந்த வாய்க்குள்ளயும் போகாதது. உன் கையைவிடச் சுத்தம்."

"அந்த ஓரத்துல ஒண்ணு மஞ்சளா இருக்கே, அதுவும் புதுசா?"

அத்தான் அந்த மஞ்சள் செட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அது ரிப்பேருக்கு வந்தது. மருந்துத் தண்ணியில ஊறப்போட்டுத்தான் எடுத்தேன்." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "எடுத்தேன்னுதான் நினைக்கிறேன்" என்றார்.

மாடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். மூன்று நாள் என் வாயை நானே கொப்பளித்துக் கொப்பளித்து ரணமாக்கிக்கொண்டேன். கடையில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த வேலைக்குத் திரும்பிப் போயிருக்க முடியாது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பஸ் நிலையத்தில் மைக் அறையில் வேலை பார்க்கிறாள். எந்த பஸ் எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை காணவில்லை என்பதெல்லாம் அவள் குரலில்தான் ஊருக்குத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஈறு வியாதி வந்து அவளுக்கு எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டார்கள். வீட்டிலேயே பல் கட்டுகிறவர் இருக்கிறார், அப்புறம் என்ன என்று எல்லோரும் சொன்னோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்களா? அத்தான் அவளுக்கு ஒரு செட் கட்டினார். அது ஆடியது, இன்னொன்று கட்டினார். இப்படி ஐந்து செட். ஐந்தும் ஆடின. அக்கா யார் எதிரிலும் அதைக் கழற்றமாட்டாள். குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு கழற்றுவாள், மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவாள். கட்டிய புருஷனுக்கும் அதே தாழ்தான்.

போன மாதம் ஒருநாள் மைக்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே மேல் செட் கழன்று மேஜையில் விழுந்தது. டொக்கென்ற சத்தம் பத்து ஒலிபெருக்கியிலும் கேட்டது. அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து வந்தது காற்று மட்டும்தான். பல் போனால் சொல் போச்சு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். நடைமேடையில் நின்ற பயல்கள் ஒரு வாரம் அந்தச் சத்தத்தை வாயால் போட்டுக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள். எனக்கு அவர்களை அறையலாம் போலிருந்தது. மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை காலை ஒருமுறை பேசிக் காட்டுங்கள், சரியாக வரவில்லையென்றால் தொலைந்த சாமான் அறைக்கு மாற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த அறையில் கிழிந்த குடையும் ஒற்றைச் செருப்பும் யாரோ விட்டுப்போன இரண்டு பல்செட்டும் கிடக்கின்றன. இருபத்திரண்டு வருஷம் மைக்கைப் பிடித்தவள் அதற்குக் காவல் இருக்க வேண்டும். அக்கா அழவில்லை. அன்றிலிருந்து பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

அந்தத் திங்களுக்கு முன் வந்த ஞாயிறன்று ஆறாவது செட் தயாராக இருந்தது. அத்தான் முந்தின நாள் கட்டைவிரலை அறுத்துக்கொண்டு பெரிய கட்டுப் போட்டிருந்தார். பாகு கிண்ட ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். அந்த அறைக்குள் இனி என் நிழல்கூட விழாது என்று சபதம் போட்டிருந்தவள்தான் நான். அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு போனேன்.

சோடா டப்பாவும் அச்சு ஊற்றும் மாவு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டும் வெள்ளை, இரண்டிலும் சீட்டு இல்லை. அத்தான் விரலை நாக்கில் வைத்து ஒவ்வொன்றிலும் தொட்டு நக்கிப் பார்த்து, "இதுதான் சோடா" என்றார். அதை மாவு சலிக்கிற சல்லடையிலேயே சலித்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிண்டினேன். பாகு பழுப்பேறியதும், "போடு, போடு, யோசிக்காதே" என்றார். போட்டேன். நுரைத்துச் சட்டி விளிம்பு வரை வந்தது. தட்டில் கவிழ்த்தேன். "தட்டாதே, ஆட்டாதே, அமுங்கிடும்" என்றார். அந்த அறையில் மெதுவாகக் கையாள வேண்டிய பொருள் என்று அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஆறியபின் இரும்புத் தாடையில் அக்காவின் செட்டை மாட்டிப் பத்துத் துண்டு கடிக்கவைத்தார். பத்தும் உடைந்தன. செட் அசையவில்லை. அத்தான் முகத்தில் ஒரு பூரிப்பு. எனக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"இரும்புக்கு எச்சில் ஊறுமா அத்தான்? அக்காவைக் கடிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

"அதெல்லாம் வேண்டாம். அவளுக்குப் பிடிக்காது."

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா வந்தாள். செட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தாழ்போட்டாள். மாட்டிக்கொண்டு வந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். உடைந்தது. இரண்டாவது தரம் வாயைத் திறந்தபோது மேல் செட் மிட்டாயோடு ஒட்டிக்கொண்டு முழுசாக வெளியே வந்து தட்டில் விழுந்தது. ரோஸ் ஈறும் பழுப்புப் பாகும் எச்சிலும் நூல் நூலாகக் கலந்து கிடந்தன. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அத்தான் அக்காவைப் பார்க்கவில்லை. செட்டைத்தான் எடுத்துப் பார்த்தார். "செட்டுல ஒரு குத்தமும் இல்லையே. வாய்தான் என்னவோ..." என்று இழுத்தார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் செட்டை வெந்நீரில் போட இடம் தேடி மேஜையை ஒதுக்கினேன். அக்காவின் ஈறு அச்சு கையில் பட்டது. ஆறு செட்டும் கட்டின அந்த மாவுக்கட்டி. அடியில் பென்சிலால் தேதி எழுதியிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அத்தான், இது எப்ப எடுத்த அச்சு?"

"பல்லு எடுத்தப்ப டாக்டர் எடுத்துக் குடுத்தது. பத்திரமா வச்சிருக்கேன். ஒரு மூலைகூட உடையல."

"ஈறு வருஷா வருஷம் வத்திக்கிட்டே போகும், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதரம் புது அச்சு வேணும்னு டாக்டருங்களுக்கே பாடம் எடுப்பீங்களே? எட்டு வருஷத்துக்கு முன்னாடி இருந்த வாய்க்கு ஆறு செட்டு கட்டியிருக்கீங்க. இப்ப இருக்கற வாயை ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

அத்தான் வெகுநேரம் கையிலிருந்த செட்டையே தடவிக்கொண்டிருந்தார். "அவ காட்டமாட்டா" என்றார் கடைசியில்.

அக்கா சுவரைப் பார்த்தபடியே, கைக்குள்ளிருந்து பேசினாள். "காட்டுன்னு ஒருநாளும் கேட்டதில்லையே."

கொடுக்கிற கையிருந்தும் கேட்கிற வாயில்லை. எட்டு வருஷம் ஒரே வீட்டில், ஒரே தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேரும் மரியாதை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்த மாவையும் மெழுகையும்விட எனக்கு இதுதான் அருவருப்பாக இருந்தது. இரண்டு பேரையும் உலுக்கவேண்டும் போலிருந்தது.

அத்தான் எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அவர் சோப்புப் போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. விரலில் போட்ட கட்டு நனைய இரண்டு தரம் கழுவினார். பிறகு ஸ்டூலை இழுத்து ஜன்னல் பக்கம் போட்டு, "இங்க வந்து உட்காரு" என்றார். அக்கா வந்தாள். கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எடுத்தாள். வாயைத் திறந்தாள்.

ஈறு தேய்ந்து நூலாகிப்போயிருந்தது. இடதுபக்கம் செட் உரசி உரசிச் சிவப்பாக ஒரு புண். கூடப் பிறந்தவள் வாய்தான், ஆனாலும் எனக்குக் குமட்டியது. மறைத்து என்ன ஆகப்போகிறது? அத்தான் முகம் சுளிக்கவில்லை. குனிந்து, கட்டுப் போடாத கை விரலால் அந்தப் புண் ஓரத்தைத் தொட்டார்.

"வலிக்குதா?"

"எட்டு வருஷமா" என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்து, "பசை கலக்கு" என்றார். அச்சு எடுக்கிற பசையைக் கலக்கிக் கொடுத்தேன். அதைச் செட்டின் உட்பக்கம் தடவி, அக்கா வாயில் வைத்து, மெல்லக் கடிக்கச் சொல்லி, அது இறுகும்வரை அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டே நின்றார். அந்தப் புது அச்சை வைத்துச் சாயங்காலத்துக்குள் செட்டின் உட்பக்கத்தை மாற்றிக் கட்டினார். புண் இருந்த இடத்தை மட்டும் நாலு தரம் வைத்துப் பார்த்து, நாலு தரம் தேய்த்தார். மிட்டாயைத் தொடவேயில்லை.

திங்கள் காலை நான் வேலைக்குப் போகிற பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு நடைமேடையில் நின்றேன். ஒலிபெருக்கி கரகரத்தது. "பயணிகளின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, ஆறாம் நடைமேடை, ஏழாம் நடைமேடை, தாமதம், வருந்துகிறோம் என்று கடைசி வரைக்கும் ஒரு எழுத்து நழுவாமல் வந்தது. மறுபடியும் ஒருமுறை வந்தது. மூன்றாவது முறை தேவையே இல்லை, ஆனாலும் சொன்னாள். பக்கத்தில் நின்ற பயல் ஒருவன் வாயால் டொக்கென்று போட்டான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் கீழேதான் சாப்பாடு. மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். அக்கா பாதிச் சாப்பாட்டில், "புண்ணு இன்னும் ஆறலை" என்று சொல்லிவிட்டு, எழுந்து குளியலறைக்குப் போகாமல், உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு செட்டையும் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டாள். என் தட்டுக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. பிறகு நேற்றைய மிட்டாயில் ஒரு துண்டை எடுத்து வெறும் ஈறில் வைத்து, கன்னம் ஒட்டி ஒட்டி விரியச் சப்பினாள். பழுப்பாக ஒரு சொட்டு மோவாயில் இறங்கியது. அத்தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டம்ளருக்குள் ஒரு சோற்றுப் பருக்கை மெதுவாக அடியில் போய் உட்கார்ந்தது. எனக்கு அதற்குமேல் ஒரு கவளம் இறங்கவில்லை. அதை அந்தப் பக்கம் வை என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. என் தட்டைத்தான் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.