வானம் பார்த்து சுவிட்ச் போடுகிறவர்

அரூருக்கு மேலே, மின்கம்பம் ஏறாத மலையில் சோலார் தகடு போட்ட வீடு கட்டிக் குடியிருந்தார் ஒரு அம்மா. எந்த சுவிட்சைத் தொடுமுன்னும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். அப்படியொரு வீடு கட்ட என் கணவருக்கு ஆசை. கைக்குழந்தையோடு அங்கேயா என்று எனக்குப் பயம்.

நாங்கள் பார்க்கப் போன அன்று விடியலிலிருந்தே மேகமூட்டம். மதியம் குழந்தைக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. பையிலிருந்த நெபுலைசரை எடுத்தேன்.

"இந்த கரண்ட்ல இது ஓடுங்களா?"

அந்த அம்மா வாசலுக்குப் போகவில்லை. ஃபிரிட்ஜையும் மோட்டாரையும் நிறுத்தினார். "போடுங்க கண்ணு. நேத்து அடிச்ச வெயிலு பூரா வூட்டுக்குள்ளதான் இருக்குது."

மெஷின் ஓடியது. குழந்தையின் மூச்சு சீரானது. மாட்டைத் தட்டுவதுபோல் அவர் பேட்டரியைத் தட்டிக்கொடுத்தார். அன்று மட்டும் ஏன் வானத்தைப் பார்க்கவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.

இறங்கும்போது கணவர் தயங்கிக் கேட்டார். "என்ன சொல்ற?"

"கட்டலாங்க. ஆனா பேட்டரி மட்டும் அவங்களவிட ஒண்ணு கூட வேணும்" என்றேன்.